அரையாண்டு விடுமுறைக்கு வீட்டில் டோனட்: அதிரசத்துக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் உண்டா?

குடந்தைக் கமலம் (கும்பகோணம்) | டிசம்பர் 12, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறைக்கு அக்கா குடும்பம் பெங்களூரிலிருந்தும் தம்பி குடும்பம் சென்னையிலிருந்தும் வருகிறார்கள். கல்லூரித் தோழிகளும் பிள்ளைகளோடு ஒரு நாள் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கேட்டது ஒன்றுதான்: டோனட்.

வாங்கிக் கொடுத்துவிடலாம், இப்போது எங்கள் ஊர் பேக்கரிகளிலேயே கிடைக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, மாவு பிசைந்து, வெட்டி, பொரித்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

மாமியார் முட்டை சேர்க்க மாட்டார்கள், அதனால் முட்டை இல்லாமல் செய்ய வேண்டும். அடைமழை ஈரத்தில் ஈஸ்ட் மாவு ஒழுங்காகப் பொங்குமா? அப்புறம், கிளம்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்க வழக்கம்போல அதிரசமும் போட்டாக வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டும் முடியுமா? உங்கள் வீடுகளில் இந்த மாதத்தில் என்ன செய்வீர்கள் என்றும் சொல்லுங்கள்.

தஞ்சை இலைப்பந்தி (தஞ்சாவூர்) | டிசம்பர் 12, இரவு 10:05

தாராளமாக முடியும் அக்கா. நான் கல்யாணச் சமையல் செய்கிறவன். இரண்டும் எண்ணெய்ச் சட்டியில் முடிகிற பண்டம்தான், ஆனால் அடுப்பு இரண்டுக்கும் வேறு.

அதிரசத்துக்கு, பாதுஷாவுக்கு எல்லாம் இளந்தீ. பாதுஷாவில் நெய்யோ வனஸ்பதியோ நிறைய சேர்த்து, தயிரும் ஆப்பச்சோடாவும் போட்டுப் பிசைகிறோம். அது மெல்ல வெந்தால்தான் உள்ளே அடுக்கு அடுக்காக விடும். டோனட்டில் ஈஸ்ட் ஏற்கெனவே மாவைப் பொங்க வைத்துவிடுகிறது. எண்ணெய் 175 முதல் 185 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடித்துக் கனத்துவிடும். கூடினால் வெளியே கருகும், உள்ளே பச்சை மாவு. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்காமல் உடனே மேலே வந்து, சுற்றிலும் சின்னக் குமிழி விட்டால் சரி. ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் போதும். நன்றாகப் பொங்கிய மாவு எண்ணெயில் பாதி அமிழ்ந்து மிதக்கும். அதனால் வெந்த பிறகு நடுவில் சுற்றிலும் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அது தெரிந்தால் மாவு நன்றாக வந்திருக்கிறது என்று பொருள்.

முட்டை இல்லாமல் செய்ய, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு போடுங்கள். முட்டை தருகிற மென்மையைக் கிழங்கு தரும். அளவு:

மைதா அரைக் கிலோ, கிழங்கு மசியல் 100 கிராம், சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 50 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், பால் 200 மில்லியில் ஆரம்பித்து மாவு கேட்கிற அளவு.

பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், கொதிக்கிற பால் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் பிசையுங்கள். மாவை எடுத்து இழுத்தால் கிழியாமல் மெல்லிய தோலாக விரிய வேண்டும். மழை ஈரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஈரம் ஈஸ்ட்டுக்கு எதிரி கிடையாது, மாவின் மேல் ஏடு காயாமல் காக்கவே செய்யும். குளிர்தான் தாமதப்படுத்தும். சித்திரையில் முக்கால் மணியில் இரட்டிப்பாகிற மாவுக்கு இப்போது ஒன்றேகால் மணி கொடுங்கள். வெட்டின பிறகு இன்னொரு அரை மணி.

உங்களுக்கு ஈரத்தால் சிரமம் அதிரசத்தில்தான் வரும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தும்போது இந்த மாதத்தில் உலரவே உலராது. மின்விசிறிக்கு அடியில் வேட்டியில் பரப்புங்கள். பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் அரைத்துச் சலித்துவிடுங்கள்.

தாளடி (நீடாமங்கலம்) | டிசம்பர் 13, காலை 6:40

கமலம் அக்கா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

கார்த்திகை தீபம் இப்போதுதான் போனது. எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பொரி உருண்டை பிடித்தார்கள்? பெரும்பாலும் கடையில் பாக்கெட் வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்தார்கள். நெல்பொரி எது, அவல்பொரி எது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி கலந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன வழக்கமும் வீட்டுக்கு வீடு குறைகிறது. இருக்கிற நாட்களே குறைவு. எல்லோரும் கூடுகிற அந்த ஒரு வாரத்தையும் டோனட்டுக்குக் கொடுத்துவிட்டால், நம் பிள்ளைகள் அதிரச மாவைத் தொட்டுப் பார்ப்பது எப்போது?

எங்கள் பட்சணம் ஒவ்வொன்றும் வயலோடு சேர்ந்தது. குறுவை அறுத்த கையோடு தீபாவளி. சம்பா அறுப்பில் பொங்கல். டோனட் எந்தப் பருவத்துக்கு உரியது? ஆண்டு முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே.

மயூரத்துப் பெண் (மயிலாடுதுறை, இப்போது ஜெர்மனி) | டிசம்பர் 13, மாலை 4:15

தாளடி அண்ணா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. டோனட்டுக்கும் அதன் உறவுக்காரப் பண்டங்களுக்கும் பருவம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் போனபிறகு அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் இருக்கும் ஜெர்மனியில் நடுவில் துளை இல்லாத, உள்ளே ஜாம் வைத்த உருண்டை இருக்கிறது. பல ஊர்களில் அதற்குப் பெர்லினர் என்று பெயர். ஆண்டு முழுவதும் கிடைத்தாலும் மக்கள் தட்டுத் தட்டாக வாங்குவது ஆண்டின் கடைசி இரவிலும், தவக்காலத்துக்கு (ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலம்) முந்தைய திருவிழா நாட்களிலும்தான். கூட்டத்தில் ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுது வைத்துவிடுவார்கள், யாருக்கு வருகிறது என்று பார்க்க! போலந்தில் இதே வகைப் பண்டம் பொன்ச்கி. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை அதற்கென்றே ஒரு நாள், கடைவாசலில் வரிசை நிற்கும். முன்பெல்லாம் 40 நாள் தவக்காலத்தில் கொழுப்பும் முட்டையும் விலக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பன்றிக்கொழுப்பு, முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து வந்த வழக்கம் இது.

யூதர்களுக்கு ஹனுக்கா என்ற விளக்குத் திருவிழா. ஒரு நாளைக்கே போதுமான எண்ணெய் கோயில் விளக்கில் எட்டு நாள் எரிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நினைத்து எட்டு இரவும் விளக்கேற்றி, எண்ணெயில் பொரித்தவற்றைச் சாப்பிடுகிறார்கள். ஜாம் வைத்த சுப்கானியோட் அதில் முக்கியம். பெரும்பாலும் டிசம்பரில் வரும், சில ஆண்டுகளில் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஏறக்குறைய நம் கார்த்திகை தீபத்தை ஒட்டி. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. எங்கோ ஒரு வீட்டிலும் வரிசையாக விளக்கேற்றிவிட்டு எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அமெரிக்காவில் ஜூன் முதல் வெள்ளிக்கிழமை டோனட் நாள். அந்த நாளை 1938-இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு தொடங்கியது. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன அவர்களுடைய பெண்கள், 1917 முதல் போர்முனைக்குப் பக்கத்தில் டோனட் பொரித்துப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களைப் பெருமைப்படுத்தத்தான் அந்த நாள்.

வெற்றிலைக்கொடி (சுவாமிமலை) | டிசம்பர் 13, மாலை 5:02

நடுவில் துளை ஏன்? என் மகள் கேட்கச் சொன்னாள்.

தஞ்சை இலைப்பந்தி (தஞ்சாவூர்) | டிசம்பர் 13, மாலை 5:30

நடு பாகம்தான் கடைசியில் வேகும். அங்கே மாவே இல்லாவிட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வெந்துவிடும். மெதுவடைக்கு நாம் துளை போடுவதும் அதற்குத்தான். ஹான்சன் கிரெகரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர், 1847-இல் கப்பலில் இருந்தபோது தானே இந்தத் துளையைக் கண்டுபிடித்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகளிடம் சொல்லுங்கள்.

தரங்கை அலை (தரங்கம்பாடி) | டிசம்பர் 13, இரவு 8:45

கமலம் அக்கா கேட்டது "இந்த மாதத்தில் உங்கள் வீட்டில் என்ன?" என்று. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கலகலாவும் அச்சு முறுக்கும். டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்தே வேலை ஆரம்பம். கலகலா மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் உருட்டினால் சிப்பி மாதிரி வரி விழுந்து சுருளும். ஒரு கிலோ மாவை ஒருத்தரே உருட்டினால் முதுகு போய்விடும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், சர்ச் தோழிகள் எல்லோரும் வந்து பாயைச் சுற்றி உட்காருவார்கள். கதை பேசிக்கொண்டே தாம்பாளம் நிறைந்துவிடும். ஆண்டு முழுக்கப் பேசாத உறவுக்காரர்கள்கூட அன்றைக்குப் பேசுவார்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். கோட்டையைப் பார்க்க இப்போதும் டென்மார்க்கிலிருந்து ஆட்கள் வருவார்கள். டென்மார்க்கில் டிசம்பர் மாதம் முழுக்க எப்லஸ்கீவர் என்று ஓர் உருண்டைப் பலகாரம் செய்வார்கள். அதைச் சுடுகிற சட்டி அசல் நம் குழிப்பணியாரக் கல்தான்! வார்ப்பிரும்பு, அரைவட்டக் குழிகள், குச்சியால் திருப்பிப் போடுவது எல்லாம் அதேபோல. அவர்கள் கோதுமை மாவு, நாம் அரிசியும் உளுந்தும். ஜாமும் பொடித்த சர்க்கரையும் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அக்கா, டோனட் பொரிக்கத் தயக்கம் இருந்தால் மீதி மாவைப் பணியாரக் கல்லில் ஊற்றுகிற பதத்துக்குத் தளர்த்திச் சுட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

ஐயாற்று அம்மாள் (திருவையாறு) | டிசம்பர் 14, காலை 7:10

தாளடி தம்பி சொன்ன பொரி உருண்டை விஷயம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது ஏன் குறைந்தது என்று யோசிக்க வேண்டும் அப்பா.

பொரி உருண்டைக்கு வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டில் போட்டால் "டங்" என்று கேட்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் ஏலக்காய், சுக்கு, தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை போட்டுப் பொரியில் கொட்டிவிட வேண்டும். கொட்டினபிறகு ஐந்து நிமிடம் கிடைக்காது. சூட்டோடு அரிசி மாவைக் கையில் தடவிக்கொண்டு மளமளவென்று பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். எங்கள் மாமியார் வீட்டில் ஆறு கை ஒரே நேரத்தில் பிடிக்கும். கணவரும் கொழுந்தனாரும் விளக்குக்குத் திரி போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். இப்போது வீட்டில் இரண்டே கை. ஒருத்தியே பாகும் கிளறி, உருண்டையும் பிடித்து, விளக்கும் ஏற்றி, வேலைக்கும் போய்வர வேண்டும் என்றால் அவள் பாக்கெட் வாங்காமல் என்ன செய்வாள்?

டோனட் வந்து பொரி உருண்டையைத் தள்ளவில்லை. உட்கார ஆள் இல்லாமல் போனதால்தான் அது போனது. ஆளை உட்கார வைப்பது எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். இன்றைக்கு டோனட் மாவு பிசைகிற கை நாளைக்குப் பாகும் பிடிக்கும்.

இன்னும் சில நாளில் திருவாதிரை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து உடைத்து, வெல்லம் தேங்காய் நெய்யோடு களி. விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதையும் கொடுங்கள் கமலம். பழக்கம் இல்லாத பிள்ளைகளும் நெய் மிதக்கச் சூடாகக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுவார்கள்.

குடந்தைக் கமலம் (கும்பகோணம்) | டிசம்பர் 14, காலை 9:30

அம்மா, நீங்கள் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மாவு பிசைகிற வேலையைத் தம்பியே ஏற்றுக்கொண்டான். மாப்பிள்ளை எண்ணெய்ச் சட்டி. நானும் அக்காவும் அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற பக்கம்!

தாளடி அண்ணா, உங்கள் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. ஒரு வித்தியாசம் பிடிபட்டது, சரியா என்று சொல்லுங்கள். டோனட் பொரித்த அன்றே தின்ன வேண்டிய பண்டம், மறுநாள் ரப்பர். அதிரசம் நாள்பட நாள்பட நன்றாக இருக்கும், இரண்டு வாரம் தாங்கும். அதனால் ஒன்று வந்திருப்பவர்களுக்கு, மற்றது கிளம்புகிறவர்களுக்கு. வந்த அன்று சாயங்காலம் டோனட். கிளம்புவதற்கு முதல் நாள் அதிரசம், பாத்திரத்தில் அடுக்கி ஊருக்கு.

தாளடி (நீடாமங்கலம்) | டிசம்பர் 14, மதியம் 1:15

அது நியாயமான பிரிவு அக்கா. அம்மா சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலும் ஆள் குறைந்ததுதான் காரணம். ஒரே ஒரு வேண்டுகோள். அதிரச மாவுக்குப் பாகு வைக்கும்போதும் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பாகு தண்ணீரில் உருளுகிற அந்த நொடியை அவர்களே விரலால் தொட்டுப் பார்க்கட்டும். படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை அது. பதம் முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும், தவறினால் கல்லாகும். கலந்த மாவை ஒரு நாளாவது மூடி வைத்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

வெல்லம் வாங்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாபநாசம் பக்கம் வீரமாங்குடியில் அச்சு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகள் இருக்கின்றன. பொங்கலுக்காக இப்போது வேலை மும்முரமாக நடக்கும் சமயம். உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். பாகு கொப்பரையில் கொதிக்கிற வாசனை சாலையிலேயே வரும்.

நாகூர்த் தென்றல் (நாகூர்) | டிசம்பர் 14, இரவு 9:50

நல்ல இழை. படிக்கப் படிக்க நோன்பு மாதத்து நினைப்பு வந்துவிட்டது. எங்களுக்குப் பருவப் பண்டம் என்றால் நோன்புக் கஞ்சியும் இறால் வாடாவும்தான். அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) அப்புறம் தெருவே எண்ணெய்ச் சட்டி வாசனையாக இருக்கும். வாடாவை ஆண்டு முழுக்க விற்கிறார்கள், ஆனாலும் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கிண்ணத்தோடு சாப்பிடுகிற ருசி மற்ற நாட்களில் கிடைக்காது. போன நோன்பில் என் மகள் வாடாவோடு சேர்த்துச் சின்னச் சின்ன டோனட்டும் பொரித்தாள். பெரியவர்கள் பேரீச்சைக்கு அப்புறம் அதைத்தான் எடுத்தார்கள்.

கமலம் அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை செய்தாலும் நான்கைந்தை ஒரு தட்டில் வைத்து மூடி, சூடு ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் தெருவில் தட்டு வெறுமையாகத் திரும்பாது. தீபாவளிக்கு முறுக்கு வந்த தட்டு பெருநாளுக்கு நாங்கள் செய்த இனிப்போடு போகும். உங்கள் பிள்ளைகளே தட்டை எடுத்துக்கொண்டு போகட்டும்.

வெற்றிலைக்கொடி (சுவாமிமலை) | டிசம்பர் 14, இரவு 10:12

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எல்லோரும் சாப்பிடும்போது அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஐயாற்று அம்மாள் (திருவையாறு) | டிசம்பர் 15, காலை 6:55

மைதாவும் அவருக்கு ஆகாது, வெல்லமும் சர்க்கரையைப் போலத்தான் ஏற்றும். வெல்லம் நல்லது என்று சொல்லி யாரும் கொடுத்துவிட வேண்டாம். அவருக்குத் தனியாக மொச்சைச் சுண்டலோ பச்சைப்பயறுச் சுண்டலோ தாளித்துச் சூடாகக் கையில் கொடுங்கள். மற்றவர்களும் அதில் ஒரு பிடி எடுத்தால் தனித்து விட்டதாகத் தோன்றாது.

தஞ்சை இலைப்பந்தி (தஞ்சாவூர்) | டிசம்பர் 15, காலை 8:20

புது வெல்லம் வாங்கப் போகிறீர்கள் என்றால் டோனட் மேல் பூச்சையும் அதிலேயே செய்யுங்கள் அக்கா. வெள்ளைச் சர்க்கரைத் தூளும் பாலும் கலந்து பூசுவதுதான் வழக்கம். நம் ஊர் மூக்குக்கு வெல்லம் இன்னும் பொருந்தும். கால் கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, விரலில் ஒட்டிப் பிரித்தால் ஒரு கம்பி இழுக்கும் வரை காய்ச்சி இறக்குங்கள். ஒரு ஸ்பூன் நெய், ஏலப்பொடி, துளி சுக்குப்பொடி. பாகும் வெதுவெதுப்பு, டோனட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தோய்த்து எடுத்து, வறுத்த வெள்ளை எள்ளைத் தூவுங்கள். கொதிக்கிற பாகில் போட்டால் மேல்தோல் ஊறித் தொளதொளத்துவிடும்.

சுழியத்துக்குச் செய்கிற கடலைப்பருப்புப் பூரணத்தை உள்ளே வைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். வைக்கலாம், பெர்லினர் மாதிரி துளை இல்லாமல் பொரித்து, பக்கவாட்டில் கீறி, பரிமாறுகிற நேரத்தில் வையுங்கள். தேங்காய் சேர்ந்த பூரணம் ஈரக்காற்றில் சீக்கிரம் ஊசிவிடும்.

வெட்டுவதற்குத் தனி அச்சு வேண்டாம். பெரிய டம்ளரும் பாட்டில் மூடியும் போதும். வெட்டுவது, பூச்சில் தோய்ப்பது, எள் தூவுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. எண்ணெய்ப் பக்கம் பெரியவர்கள் மட்டும். சட்டியைத் தரையில் வைக்காமல் மேடை அடுப்பிலேயே வையுங்கள், ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குடந்தைக் கமலம் (கும்பகோணம்) | டிசம்பர் 15, மாலை 6:40

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: 24-ஆம் தேதி வீரமாங்குடிக்குப் போய் வெல்லம். 25-ஆம் தேதி சாயங்காலம் தோழிகளும் வந்துவிடுவார்கள், அன்றைக்கு வெல்லப் பூச்சு டோனட், கூடவே எங்கள் மாமனாருக்கும் அம்மா சொன்ன மொச்சைச் சுண்டல். 28-இல் அதிரசத்துக்கு மாவு கலந்து, 30-இல் தட்டிப் பொரித்து, மறுநாள் கிளம்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்போம். பக்கத்து வீட்டுத் தட்டையும் குறித்து வைத்துவிட்டேன் பாய்.

கடைசியாக ஒரு சந்தேகம். டோனட் பொரித்த எண்ணெயையே அதிரசத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

தஞ்சை இலைப்பந்தி (தஞ்சாவூர்) | டிசம்பர் 15, இரவு 7:05

வேண்டாம் அக்கா. டோனட்டில் ஒட்டியிருக்கும் மைதா உதிர்ந்து அடியில் கருகும், அந்தக் கசப்பு அதிரசத்தில் ஏறிவிடும். ஆறினதும் துணியில் வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். அதிரசத்துக்குப் புது எண்ணெய் ஒரு லிட்டர் தனியாக வாங்குங்கள். எடுத்த அதிரசத்தை இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெயைப் பிழியும் வேலையை மாப்பிள்ளைக்கே கொடுங்கள், அதற்குக் கைவலு வேண்டும்.